கார் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்று ஒன்பது வருடம் ஆகிறது. அது வாசலில் வேப்பமரத்தடியில் வெயிலும் காக்கை எச்சமும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. ஷெட்டுக்குள் பழைய கதவுப் பலகையில் செய்த மேஜை ஒன்று. அதன்மேல் எப்போதும் யாருடைய மிக்ஸியாவது வயிறு திறந்து கிடக்கும். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. கணக்குப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வீட்டுப் பொருட்களை ரிப்பேர் பார்ப்பேன். பக்கத்து வீட்டார், அலுவலக நண்பர்கள், மைத்துனர் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஷெட் கிடையாது, அபார்ட்மென்ட்தான். செய்ய முடியுமா?

முடியும், பால்கனி போதும். நல்ல வெளிச்சம், எர்த் ஒழுங்காக உள்ள ஒரு பிளக் பாயின்ட், சாயங்காலம் வரை "இதையெல்லாம் எடு" என்று யாரும் சொல்லாத நாலடி இடம். இந்த மூன்றில் கடைசிதான் கிடைப்பது கஷ்டம். தரையில் உட்கார்ந்து வேலை செய்தால் ஒரு பழைய வெள்ளை பெட்ஷீட்டை விரித்துக்கொள்ளுங்கள். விழுகிற ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியும், உருண்டும் ஓடாது. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு கரண்ட் வேலை மட்டும் வேண்டாம்.

முதலில் என்னென்ன டூல்ஸ் வாங்குவது?

ஆன்லைனில் 108 பீஸ் செட் என்று ஒரு பெட்டி விற்பார்கள். வாங்காதீர்கள். அதில் நூறு பீஸை நீங்கள் ஆயுத பூஜை அன்று துடைத்துப் பொட்டு வைக்க மட்டும்தான் வெளியே எடுப்பீர்கள். நல்ல கட்டிங் பிளேயர் ஒன்று, ஸ்டார் ஸ்க்ரூடிரைவரில் பெரிது ஒன்று சிறிது ஒன்று, பட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்று, 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர், ஒரு சுத்தியல், டெஸ்டர், மல்டிமீட்டர். மல்டிமீட்டர் வாங்கும்போது கபாசிட்டர் அளக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நூறு இருநூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. ஏன் என்று ஃபேன் கேள்வியில் தெரியும்.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மட்டமான ஸ்க்ரூடிரைவர் ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். தலை போன ஸ்க்ரூவைக் கழற்ற அரை நாள் போகும்.

சீரீஸ் போர்டு, சீரீஸ் போர்டு என்கிறீர்களே, அது என்ன?

எலக்ட்ரிக்கல் கடைகளில் மேஜை ஓரத்தில் ஒரு பல்ப் போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான். ஒரு குண்டு பல்ப் ஹோல்டர், ஒரு சாக்கெட், ஒரு சுவிட்ச். பேஸ் லைன் (கரண்ட் வரும் ஒயர்) நேராக சாக்கெட்டுக்குப் போகாமல் பல்ப் வழியாகச் சுற்றிப் போகும். நீங்கள் ரிப்பேர் பார்த்த பொருளை அந்த சாக்கெட்டில் சொருகினால் உள்ளே ஷார்ட் இருந்தாலும் 'டப்' என்று வெடிக்காது. பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். கரண்டை பல்ப் பிடித்துவைத்துக்கொள்கிறது. 230 வோல்ட்டில் 100 வாட் பல்ப் தன் வழியாக அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் விடும்.

எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது, பழைய இழை பல்ப்தான் வேண்டும். இன்றும் சில கடைகளில் கிடைக்கிறது. கிடைக்கும்போது இரண்டு வாங்கி வையுங்கள்.

வெளிச்சத்தைப் படிக்கப் பழக வேண்டும். சீலிங் ஃபேனைச் சொருகினால் பல்ப் மங்கலாக எரியும், அது சரி. அயர்ன் பாக்ஸைச் சொருகினால் கிட்டத்தட்ட முழு வெளிச்சம் வரும், அதுவும் சரி. 1000 வாட் அயர்ன் பாக்ஸின் காயிலுக்குத் தடை வெறும் 53 ஓம்தான். பல்புக்கு 529 ஓம் இருப்பதால் வோல்ட்டேஜில் பெரும்பங்கு பல்புக்கே போய்விடும். மிக்ஸியும் அப்படித்தான், நின்ற நிலையில் அதன் காயிலுக்கு ஓம் மிகக் குறைவு. ஆகவே 'பல்ப் பளிச்சென்று எரிந்தால் ஷார்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்டக் கூடாது. மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிட்டுப் பிறகு இதில் சொருகுவது என் வழக்கம்.

ஒரு எச்சரிக்கை. பல்ப் நடுவில் இருக்கிறது என்பதால் ஷாக் அடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். தாராளமாக அடிக்கும். பல்ப் காப்பாற்றுவது பொருளையும் ஃபியூஸையும்தான், உங்களை இல்லை. உங்களைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) வேண்டும். வீட்டு மெயின் போர்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் ரிப்பேர் பார்க்க வேண்டிய முதல் பொருள் அதுதான், அதையும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

எந்தப் பொருளில் ஆரம்பிக்கலாம்?

மெதுவாக ஓடும் சீலிங் ஃபேன். எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். "அஞ்சுல வச்சாலும் ரெண்டுல ஓடற மாதிரி ஓடுது" என்பார்கள். ஆஃப் பண்ணிப் போட்டால் 'உம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கும். குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடும். இந்த முனகலும் தள்ளலும் சேர்ந்து வந்தால் அநேகமாகக் கபாசிட்டர்தான்.

ஃபேன் மோட்டாரில் இரண்டு காயில்கள் உண்டு. இரண்டாவது காயிலுக்கு வரும் கரண்டைக் கொஞ்சம் முன்னதாக்கிக் கொடுத்து, சுழல ஒரு திசையையும் வேகத்தையும் தருவது கபாசிட்டர். பெரும்பாலான 1200 மில்லிமீட்டர் ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு), 440 வோல்ட் என்று எழுதியிருக்கும். வருடங்கள் போகப்போக அது 2-க்கும் கீழே, 1.5-க்கும் இறங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அளந்தால்தான் தெரியும். மல்டிமீட்டரைப் பற்றி மேலே அப்படிச் சொன்னது இதற்காகத்தான்.

எங்கள் ஹாலில் உள்ள ஃபேனுக்கு இதே வியாதி வந்தபோது, பார்க்க வந்தவர் "காயில் போச்சு சார், வைண்டிங் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது என்னிடம் மீட்டர் இல்லை. அடுத்த வாரம் மீட்டர் வாங்கிக் கபாசிட்டரை அளந்தேன்: 1.4. புதியது நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அந்த ஃபேன் இன்றும் ஓடுகிறது. என்னை ஷெட்டுக்குள் தள்ளியது அந்த 1.4 தான்.

செய்முறை இதுதான். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி. சுவிட்சையே இறக்குங்கள். சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயரில்) போட்டு வைத்திருப்பார்கள். சுவிட்ச் ஆஃப் ஆனாலும் ஃபேனில் கரண்ட் நிற்கும். ஏணியில் ஏறி, கபாசிட்டரை மூடியிருக்கும் கப்பை விலக்கி, ஒயர்களைத் தொடும் முன் போட்டோ எடுங்கள். கபாசிட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு முறை சேர்த்துத் தொடவிட்டு, அதில் தேங்கிய கரண்டை இறக்குங்கள். சின்னக் கபாசிட்டர்தான், ஆளைக் கொல்லாது. ஆனால் ஏணி உச்சியில் சின்னதாக ஒரு சுரீர் பட்டாலே கை உதறி ஆள் கீழே விழுவார். ஃபேன் வேலையில் நான் அதிகம் பயப்படுவது கரண்டுக்கு இல்லை, ஏணிக்குத்தான். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

கபாசிட்டருக்கு பிளஸ் மைனஸ் கிடையாது. ஆனால் எந்த இரண்டு ஒயருக்கு நடுவில் இருந்ததோ அங்கேயேதான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றிக் காற்றைக் கூரைக்கு அனுப்பும். அறையில் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு "சுத்துது, ஆனா காத்து வரலையே" என்பார்கள்.

2.5-க்குப் பதில் 4 போட்டால் இன்னும் வேகமாக ஓடுமா?

கொஞ்ச நாள் ஓடும். மோட்டார் சூடாகி, பிறகு உண்மையாகவே காயில் போகும். போட்டிருந்த அளவையே போடுங்கள்.

கபாசிட்டர் சரியாக இருந்தும் மெதுவாக ஓடுகிறதே?

ரெகுலேட்டரைப் பாருங்கள். ஒரே ஒரு நம்பரில் மட்டும் தகராறு என்றால் அதுதான். அடுத்து, கையால் சுற்றிவிட்டால் ஃபேன் லேசாகச் சுற்ற வேண்டும். 'கரகர' என்று இழுத்துப் பிடித்தால் பேரிங் போய்விட்டது. மின்சாரக் கட்டணம் உறுத்துகிறது என்றால் அது வேறு விஷயம்: பழைய ஃபேன் 70, 80 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டை ஒட்டி ஓடும். நாள் முழுக்க ஓடும் ஃபேன் என்றால் மாற்றுவதிலும் நியாயம் இருக்கிறது. ரிப்பேர் மோகத்தில் நான் அதை ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் ஆனது.

பேரிங் கடையில் என்ன கேட்பது?

பேரிங்கிலேயே நம்பர் அடித்திருக்கும். துடைத்துப் பார்த்தால் தெரியும். சீலிங் ஃபேன்களில் அடிக்கடி வருவது 6201, 6202. இந்த நம்பரைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் உள் ஓட்டையின் அளவு. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம்: 04 என்றால் 20, 05 என்றால் 25. ஆக 6202-க்கு உள்ளே 15, வெளியே 35, தடிமன் 11. ஜப்பானில் செய்தாலும் ஜெர்மனியில் செய்தாலும் ராஜஸ்தானில் செய்தாலும் இதே அளவுதான். நம்பரோடு இசட் இசட் என்றிருந்தால் இரண்டு பக்கமும் தகர மூடி, ஆர்.எஸ். என்றிருந்தால் ரப்பர் மூடி.

போடும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றினால் உள் வளையத்தில் தட்ட வேண்டும், கூட்டுக்குள் இறக்கினால் வெளி வளையத்தில் தட்ட வேண்டும். மாற்றித் தட்டினால் அடி முழுக்க உள்ளே இருக்கும் குண்டுகளுக்குப் போகும்; புது பேரிங் அன்றைக்கே கரகரக்கும். சரியான அளவு பழைய பாக்ஸ் ஸ்பேனரோ, ஜி.ஐ. பைப் துண்டோ வைத்துத் தட்டுங்கள்.

மிக்ஸி ஓடவே இல்லை. திறக்கலாமா?

திறக்கும் முன் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். இட்லி மிளகாய்ப் பொடியோ கெட்டியான தேங்காய்ச் சட்னியோ ஓவர்லோடு ஆனால் அது வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு அழுத்தினால் வேலை முடிந்தது. என்னிடம் வரும் 'செத்துப்போன' மிக்ஸிகளில் நிறைய இப்படி ஒரே அழுத்தில் எழுந்து உட்கார்ந்தவைதான். எடுத்து வந்தவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும் என்பதால் நான் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு அழுத்துவேன்.

அது இல்லை என்றால் ஒயர். பிளக் அருகிலும், ஒயர் மிக்ஸிக்குள் நுழையும் இடத்திலும் மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்திருக்கும். மேலே ரப்பர் நன்றாகவே இருக்கும். மூன்றாவது, கார்பன் பிரஷ். மிக்ஸி மோட்டார் சீலிங் ஃபேன் மாதிரி இல்லை. சுழலும் பகுதிக்கும் கரண்ட் போக வேண்டும், அதை இரண்டு கார்பன் கட்டிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு கொடுக்கின்றன. உரசுவதால் தேயும். கால் அங்குலத்துக்கும் குறைந்துவிட்டால் ஜோடியாக மாற்றிவிடுங்கள். பிரஷ் உரசும் செம்புப் பகுதி கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் துடைக்கலாம், எமரி வேண்டாம். புதுப் பிரஷ் போட்டபின் ஜார் இல்லாமல் சின்ன வேகத்தில் கொஞ்சம் ஓடவிடுங்கள். முதலில் பொறி பறக்கும், பிரஷ் அமர அமரக் குறையும்.

மோட்டார் ஓடுகிறது, ஜார் சுற்றவில்லை?

கப்ளர் தேய்ந்துவிட்டது. மிக்ஸியின் மேல் நடுவில் உள்ள பல் வைத்த பிளாஸ்டிக்தான் கப்ளர். மலிவான பாகம். ஜார் திடீரென்று இறுகும்போது தான் உடைந்து மோட்டாரைக் காக்க வேண்டும் என்பதற்காகவே அதை மெத்தென்று செய்கிறார்கள்.

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பல மிக்ஸிகளில் கப்ளருக்குத் தலைகீழ் மரை. கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும். மோட்டார் சுற்றும் திசையில் வேலை செய்யச் செய்ய கப்ளர் தானாக இறுக வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் முதல்முறை இடப்பக்கமே திருகித் திருகி, இறுக்கிக்கொண்டே போய், கட்டிங் பிளேயர் போட்டுப் பற்களை மொத்தமாக உடைத்தேன். அன்று மறுநாள் கல்யாண நாள் விருந்து. மாவு அரைக்க அம்மா காத்துக்கொண்டிருந்தார். "கழட்டறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் சொல்லியிருப்பேனே, அப்பா ரெண்டு தடவை மாத்தியிருக்கார்" என்றார். வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்பதே இல்லை.

ஷாஃப்ட் கூடவே சுற்றாமல் இருக்க, கீழ்மூடியைத் திறந்தால் பல மாடல்களில் ஷாஃப்ட்டின் அடிமுனையில் ஸ்க்ரூடிரைவர் வைக்க ஒரு பள்ளம் இருக்கும். அங்கே பிடித்துக்கொண்டு மேலே திருகுங்கள். ஜார் அடியில் கறுப்பாகக் கசிந்தால் அது புஷ் (பிளேடின் தண்டைப் பிடிக்கும் வளையம்) தேய்மானம். அதைக் கடையில் கொடுத்துவிடுங்கள். நேராக இறக்க அவர்களிடம் பிரஸ் இருக்கிறது.

கிரைண்டர்?

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள், அந்த ஊர்க்காரர்கள் அதை அரிசி உளுந்துக்கு மட்டுமில்லாமல் ஆயுளுக்கும் சேர்த்துச் செய்தார்கள். பெல்ட் தளர்ந்து வழுக்குவதும் ஒயர் அறுவதும் தவிர வேறு நோய் குறைவு. பழைய பெல்ட்டில் நம்பர் இருக்கும், அதையே வாங்குங்கள். மாவு மோட்டாருக்குள் இறங்கிக் காய்ந்திருந்தால் மட்டும் வேலை நாறும். கல்லில் பிடிப்பு போய்விட்டால் கொத்த வேண்டும். அதற்கு உளியோடு வருபவர்கள் இன்னும் எங்கள் தெருப் பக்கம் வருகிறார்கள்.

தேங்காய் எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள். தையல் மெஷின், ஃபேன், கதவுக் கீல் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மார்கழியில் அது உறையும். மற்ற மாதங்களில் தூசியோடு சேர்ந்து பிசினாகும். போன வருடம் வந்த ஒரு தையல் மெஷினில் அந்தப் பிசினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கவே முழுக் காலை போனது. மெஷின் ஆயில் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

டபிள்யூ.டி-40 ஸ்ப்ரேயும் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. 1953-இல் அமெரிக்காவில் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டவும் துருவைத் தடுக்கவும் செய்யப்பட்டது. 40-ஆவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். துருப் பிடித்த போல்ட்டை இளக்க அற்புதம். ஆனால் பேரிங்கிலோ சைக்கிள் செயினிலோ அடித்துவிட்டு அப்படியே விட்டால் உள்ளே இருந்த கிரீஸையும் கரைத்துவிடும். அடித்துத் துடைத்த பிறகு கிரீஸோ ஆயிலோ தனியாகப் போட வேண்டும்.

பையனுடைய சைக்கிளை நானே ஓவராயில் பண்ணலாமா?

பண்ணலாம். 'ஓவர்ஹால்' என்ற சொல் நம் சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' ஆகிவிட்டது. எண்ணெய் போடுகிற வேலைதானே, பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

முழுதும் கழற்றும் முன் பெடலில் ஆரம்பித்துக் கை பழக்குங்கள். இடது பெடலுக்கும் தலைகீழ் மரை. வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் கழலும். இடது பெடல் வலப்பக்கம் திருகினால்தான் கழலும். நேராக ஒரே மரை வைத்திருந்தால் மிதிக்க மிதிக்க ஒரு பெடல் கழன்று வந்துவிடும். எப்போதும் குழம்புகிறவர்களுக்கு ஒரு வழி: ஸ்பேனரைப் பெடலில் மாட்டிவிட்டு, சைக்கிளின் பின்சக்கரத்தை நோக்கி மேல்வழியாகத் தள்ளினால் இரண்டுமே கழலும்.

வீல் கப்பில் உள்ள பால்ஸை எண்ணி, ஒரு டம்ளரில் போட்டு வையுங்கள். பழைய கிரீஸை வழித்து, புது கிரீஸைக் கப்பில் தடவி, அதில் பால்ஸை ஒவ்வொன்றாகப் பதித்தால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். கோனை (பால்ஸை அமுக்கிப் பிடிக்கும் நட்டை) முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. சக்கரத்தைத் தூக்கிவிட்டால் வால்வு இருக்கும் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்க வேண்டும். அப்படி வந்தால் சரி.

பஞ்சரில் எல்லாரும் செய்யும் தவறு அவசரம்தான். சொல்யூஷனைத் தடவியதும் ஒட்டுவார்கள். அது காய்ந்து பளபளப்பு போன பிறகுதான் பேட்ச் வைக்க வேண்டும். அப்புறம், டயருக்குள் ஆணி இன்னும் இருக்கிறதா என்று வெறும் விரலால் தடவாதீர்கள். பஞ்சால் தடவினால் முள் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். பழைய வகை வால்வில் காற்று மெல்ல இறங்கினால் பஞ்சரே இருக்காது, உள்ளே இருக்கும் வால் டியூப் என்ற குட்டி ரப்பர் குழாய் விரிசல் விட்டிருக்கும். சில்லறைக் காசில் முடியும் வேலை.

சக்கரத்தில் பெண்டு எடுப்பது மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை. பழைய மாடல் ரோட்ஸ்டர் சைக்கிளில் முன்னே 32 கம்பி, பின்னே 40. ஒன்றைத் திருகினால் இன்னொரு பக்கம் கோணும். எங்கள் முக்குக் கடைக்காரர் பேசிக்கொண்டே பத்து நிமிடத்தில் எடுத்துத் தருகிறார். அவரிடம் கொடுத்துவிட்டு டீ குடிப்பது என் முறை.

குழாய் சொட்டுகிறது.

கேட் வால்வை மூடி, வாஷர் மாற்றுங்கள். டெஃப்லான் டேப்பை மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது சுருண்டு வெளியே வந்துவிடும்.

பைக்கை ஷெட்டிலேயே சர்வீஸ் பண்ணலாமா?

செயின் துடைத்து ஆயில் விடுவது, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் துடைப்பது, ஆயில் மாற்றுவது வரை சரி. செயின் தளர்ச்சி உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும், அதன்படி வையுங்கள். பிரேக்கில் கை வைப்பதாக இருந்தால் ஏற்கெனவே செய்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஷட்டரை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள், மழை கொட்டினாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

டெஸ்டர் எரியவில்லை. கரண்ட் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி நியான் விளக்கு உங்கள் உடம்பு வழியாகத்தான் எரிகிறது. பட்டப்பகல் வெளிச்சத்தில் அது எரிவதே தெரியாமல் போகலாம், விளக்கே ஃபியூஸ் ஆகியிருக்கலாம். அதனால் கரண்ட் நிச்சயமாக இருக்கும் ஒரு பாயின்டில் முதலில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில், மறுபடியும் முதல் பாயின்டில். மூன்றும் சரியாக இருந்தால்தான் தொடலாம்.

சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் பயந்துவிடாதீர்கள். எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. வேறு ஏதோ ஒரு பல்போ ஃபேனோ ஆனில் இருப்பதால் பேஸ் அதன் வழியாகச் சுற்றி நியூட்ரல் ஓட்டைக்கு வந்து நிற்கிறது. பழைய வீட்டு ஒயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பொருட்களோடு வரும் ஒயரில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். நிறத்தை நம்பி மட்டும் தொடாதீர்கள், உங்களுக்கு முன் போட்டவர் கையில் அன்று என்ன நிற ஒயர் இருந்ததோ அதைப் போட்டிருப்பார்.

எதையெல்லாம் தொடவே கூடாது?

மைக்ரோவேவ் ஓவன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கபாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். ஃபேன் கபாசிட்டரோடு அதை ஒப்பிடவே கூடாது. வீங்கிய செல்போன் பேட்டரியைக் குத்துவது, அமுக்குவது கூடாது. புது ஃபிரிட்ஜ்களில் பலவற்றில் ஓடும் ஆர்-600ஏ வாயு ஐசோபியூட்டேன், லைட்டர் வாயுவின் சொந்தக்காரன். அதன் பைப் பக்கம் நெருப்போ சால்டரிங் அயர்னோ கொண்டுபோகாதீர்கள். கேஸ் ரெகுலேட்டரைத் திறக்காதீர்கள், ரப்பர் டியூபை மட்டும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கீசரில் ஷாக் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஞாயிறு வரை காத்திருக்க மாட்டேன்; அன்றைக்கே எம்.சி.பி.யை இறக்கி ஆளைக் கூப்பிடுவேன். ஈர உடம்பும் கரண்டும் சேரும் இடத்தில் கற்றுக்கொள்ளும் வேலை கிடையாது.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். ஆசிட் ஊற்றக் கூடாது, ஊற்றும்போது பக்கத்தில் பீடி சிகரெட்டும் கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

மூடிய பிறகு இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது.

திறங்கள்.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் என்றால் அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெரு, வண்டிச் சாமான் என்றால் புதுப்பேட்டை. மற்ற ஊர்களில் பேரிங் கடை, பெல்ட் கடை, மிக்ஸி ஸ்பேர்ஸ் கடை என்று பெயர்ப்பலகையைப் பார்த்தே போகலாம். ஒன்றே ஒன்று: பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "ரவுண்டா, கறுப்பா, நடுவுல ஓட்டை இருக்கும்" என்று வாயால் சொல்லிப் பார்த்தவன் நான். கடைக்காரர் சிரித்தே கொன்றார்.

வாரன்ட்டி இருக்கும்போது திறக்கலாமா?

திறக்காதீர்கள். காசு கொடுத்துதானே வாங்கினோம், அவர்களே பார்க்கட்டும். வாரன்ட்டி முடிந்த பிறகு மேனுவல், ஸ்பேர், சர்வீஸ் விவரம் தேடுவதாக இருந்தால், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ரைட் டு ரிப்பேர் தளத்தைப் பார்க்கலாம். விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வண்டிகள் என்று நான்கு பிரிவுகளில் கம்பெனிவாரியாக விவரங்கள் இருக்கும்.

உண்மையைச் சொல்லுங்கள், பணம் மிச்சமாகிறதா?

கணக்குப் பிரிவில் இருப்பவன் என்பதால் எழுதி வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு வருடம் நஷ்டம். டூல்ஸ் வாங்கியே தீர்ந்தது. அதன் பிறகு லேசாக மிச்சம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி போட்டால் மறுபடி நஷ்டம்தான், அதை நான் போடுவதில்லை. எனக்குக் கிடைத்தது வேறு. கடையில் "போர்டு போச்சு", "காயில் போச்சு" என்று சொன்னால் இப்போது "எவ்வளவு ஓம் காட்டுது?" என்று கேட்க வாய் வருகிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு ரேட் பெரும்பாலும் கொஞ்சம் இறங்குகிறது.

ஒரே நாளில் முடியவில்லை என்றால்?

எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. சமையலறைப் பொருள் எதுவாக இருந்தாலும் ஞாயிறு மாலை நாலு மணிக்குள் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அப்படியே ஒரு பையில் போட்டுக் கடைக்குப் போய்விட வேண்டும், வாதம் கிடையாது. கப்ளரை உடைத்த அந்த வாரத்தில் என் மனைவியும் அம்மாவும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். பழைய ரேடியோ, உடைந்த சுவர்க் கடிகாரம் மாதிரியானவற்றுக்கு நேரக்கெடு இல்லை; அவை ஷெட்டில் மூன்றாவது தட்டில் பெயர் எழுதிய டப்பாக்களில் தூங்குகின்றன. மைத்துனரின் டேப் ரிக்கார்டர் 2019-இலிருந்து அங்கேதான் இருக்கிறது. அவர் வரும்போதெல்லாம் கேட்கிறார், நானும் பெல்ட் கிடைக்கவில்லை என்கிறேன். பெல்ட் போன மாதமே கிடைத்துவிட்டது.